லைப்சிக் மாணவர் இசைக்குழுவும் பொது அரங்கிசையின் தோற்றமும் (1702–1743)

முன்னுரை

இன்று ஒரு பல்கலைக்கழக நரம்பிசைக் குழு அரங்கேறும்போது அதன் பின்னால் ஒரு நிறுவனம் நிற்கிறது. இசைத்துறை, ஒத்திகைக் கூடம், ஆண்டு நிதி, நியமிக்கப்பட்ட நடத்துநர் ஆகியவை அக்குழுவைத் தாங்குகின்றன. ஆனால் இவ்வகைக் குழுக்களின் முன்னோடிகளுள் பெரிதும் பேசப்படும் ஒன்று, இவை எவையும் இன்றி நடந்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செருமானிய நகரமான லைப்சிக்கில் இயங்கிய ‘கொலேகியும் மூசிக்கும்’ என்னும் மாணவர் இசைக்குழுவே அது. இலத்தீனில் இப்பெயருக்கு ‘இசைக்கெனக் கூடிய கூட்டம்’ என்பதே பொருள்.

இசை வரலாற்று நூல்கள் இக்குழுவை யோஹன் செபாஸ்டியன் பாக்கின் குழுவாகவே அறிமுகப்படுத்துகின்றன. அவர் அதை நடத்திய ஆண்டுகள் ஏறத்தாழப் பத்து. குழுவோ அவருக்கு முன்னும் பின்னும் இருந்தது. வயலினையும் வியோலாவையும் கையில் ஏந்தி அமர்ந்தவர்கள் பெரும்பாலும் சட்டமும் இறையியலும் பயின்ற மாணவர்கள். அவர்களது உழைப்பு திருச்சபைக்கும் நகர மன்றத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தேவைப்பட்டது. ஆயினும் அதற்கு உரிய ஊதியம் தர அம்மூன்றும் முன்வரவில்லை. அந்த உழைப்புக்கு நிலையான இடம் தந்தது ஒரு காப்பிக்கடை. இக்கட்டுரை குழுவின் வரலாற்றை இக்கோணத்தில் அணுகுகிறது. இங்கு ‘நரம்புக் கருவி’ என்பது தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்னும் நம் மரபுப் பகுப்பின் பொருளில் அமைந்தாலும், வயலின் குடும்பக் கருவிகளையே சிறப்பாகச் சுட்டுகிறது.

சட்டம் பயில வந்தவர்

லைப்சிக் பல்கலைக்கழகம் 1409இல் நிறுவப்பட்டது. கியோர்க் பிலிப் டெலமன் 1701இல் அங்கு வந்தது சட்டம் பயில்வதற்காக. தாயின் விருப்பம் அது. இசையைக் கைவிடுவதாக எண்ணியே அவர் வந்தார். அறைத்தோழர் ஒருவர் அவரது பெட்டியில் கிடந்த திருப்பாடல் இசையமைப்பைக் கண்டெடுக்க, அது தோமா ஆலயத்தில் பாடப்பெற்றது. அதன் விளைவாக நகரத் தலைவர் அவரிடம் இரு வாரங்களுக்கு ஒரு படைப்பைக் கேட்டார். டெலமன் பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் சொல்லும் செய்தி இது. தன்வரலாறுகளுக்கே உரிய மெருகு இதில் ஏறியிருக்கலாம். ஆயினும், 1702இல் அவர் மாணவர்களைத் திரட்டி ஒரு குழு அமைத்தார் என்பதிலும், 1704இல் புதிய ஆலயத்தின் இசைப் பொறுப்பை ஏற்றார் என்பதிலும் ஐயமில்லை. சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியதற்கு நான்கு ஆண்டுகள் முற்பட்ட நிகழ்வு இக்குழுவின் தோற்றம்.

குழுவில் நாற்பது பேர் வரை கூடியதாக டெலமன் குறிப்பிடுகிறார். இதில் பாடகரும் அடங்குவர் என்பதை மறக்கலாகாது. நாற்பது வயலின்கள் ஒருங்கே ஒலித்ததாகக் கற்பனை செய்வது பிழை. எண்ணிக்கையைவிட, திரண்டவர்கள் எங்கிருந்து திரண்டனர் என்பதே நகரில் பிணக்கை விளைவித்தது. தோமா பள்ளியின் இசைப் பொறுப்பாளராகிய ‘காண்டர்’ பதவியில் அப்போது இருந்தவர் யோஹன் குனாவ். ஆலய வழிபாட்டின் இசைக்கு அவர் நம்பியிருந்த மாணவர்கள் டெலமனின் குழுவுக்கும், அவர் நடத்திய இசைநாடக அரங்குக்கும், புதிய ஆலயத்துக்கும் சென்றுவிட்டனர். நகர மன்றத்திடம் குனாவ் பலமுறை முறையிட்டார். அம்முறையீடுகளை ஒரு முதியவரின் பொறாமையாக மட்டும் படிப்பது வழக்கம். உண்மையில் அவை ஒரு பொருளியல் சிக்கலை முதன்முதலில் பதிவு செய்தவை: நகரின் இசை, ஊதியமின்றி வரும் மாணவரை நம்பி இயங்கியது, மாணவர் வேறிடம் சென்றால் தடுக்க எந்தக் கயிறும் இல்லை.

டெலமன் 1705இல் நகரை விட்டுச் சென்றார். குழு கலையவில்லை. மெல்கியோர் ஹோஃப்மன், அவருக்குப் பின் ஃபோக்லர், 1720 முதல் ஷொட் என மூவர் தொடர்ந்து நடத்தினர். ஹோஃப்மன் காலத்தில் உறுப்பினர் எண்ணிக்கை மேலும் உயர்ந்தது. பின்னர் திரெஸ்டன் அரசவையின் தலைமை வயலின் கலைஞராகப் புகழ்பெற்ற பிசெண்டல் 1709இல் மாணவராக இங்கு வந்தார். எளிய தோற்றத்துடன் வந்த இளைஞரை முதல் நாளில் குழுவினர் ஏளனமாகப் பார்த்ததாகவும், அவர் தொரெல்லியின் கான்செர்ட்டோ ஒன்றை வாசிக்கத் தொடங்கியதும் அவை அடங்கியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. இத்தாலியக் கான்செர்ட்டோ வடிவம் செருமானிய மாணவரிடையே எவ்வாறு பரவியது என்பதற்கு இது சான்று. இதற்கிடையில் 1708இல் யோஹன் ஃபிரீட்ரிக் ஃபாஷ் என்னும் மாணவர் மற்றொரு குழுவைத் தொடங்கினார். ஒரே நகரில் இரு மாணவர் குழுக்கள் பல பத்தாண்டுகள் இணையாக நடந்தன.

விண்ணப்பத்தில் குறைந்த நரம்புகள்

பாக் 1723இல் தோமா பள்ளியின் காண்டராகப் பொறுப்பேற்றார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1729 வசந்தத்தில், ஷொட் கோத்தா நகரில் பதவி பெற்றுச் செல்ல, குழு பாக்கின் கைக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச்சு 20ஆம் நாளிட்ட கடிதத்திலேயே தம் பழைய மாணவர் ஒருவருக்கு இதை அவர் தெரிவிக்கிறார். ஆலயப் பணியில் சோர்வுற்று உலகியல் இசையின் பக்கம் திரும்பினார் என்று சிலர் இதனை விளக்குவர். அடுத்த ஆண்டின் ஆவணம் ஒன்று வேறு காரணத்தையும் காட்டுகிறது.

1730 ஆகஸ்ட் 23 அன்று, செம்மையான ஆலய இசைக்கு என்ன தேவை என்பதை விளக்கி பாக் நகர மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதன் பெரும்பகுதி கணக்கு. கருவியிசைக்குக் குறைந்தது 18 பேர் வேண்டும் என்கிறார். நகரம் ஊதியம் தந்து வைத்திருந்தவர்களோ நகர ஊதுகருவியாளர் நால்வர், வயலின் கலைஞர் மூவர், பயிலுநர் ஒருவர் ஆக எட்டுப் பேர். அவர்களது திறமையைப் பற்றிப் பேசுவதை அடக்கம் தடுக்கிறது என்று சொல்லியே, சிலர் ஓய்வுபெறும் வயதினர் என்றும் சிலர் போதிய பயிற்சியற்றவர் என்றும் சொல்லிவிடுகிறார்! பின் இல்லாதவர்களைப் பட்டியலிடுகிறார்: முதல் வயலினுக்கு இருவர், இரண்டாம் வயலினுக்கு இருவர், வியோலாவுக்கு இருவர், செல்லோவுக்கு இருவர், வியலோனெ என்னும் பெருங்கருவிக்கு ஒருவர், குழலுக்கு இருவர்.

இப்பட்டியல் நுணுகி நோக்கத்தக்கது. குறையும் பதினொருவரில் ஒன்பது பேர் நரம்புக் கருவியாளர். எக்காளமும் முழவும் இப்பட்டியலில் இல்லை. அவை நகர விழாக்களுக்கு உரியவை, ஆகவே நகரம் அவற்றுக்குப் பணம் தந்தது. இசையின் உடலாகிய நரம்பிசை மட்டும் யாருடைய செலவுக் கணக்கிலும் வராமல், மாணவர்களின் விருப்பத்தின் மேல் நின்றது. முன்பு அவர்களுக்குச் சிறு உதவித்தொகை கிடைத்தது என்றும், அது படிப்படியாக நிறுத்தப்பட்டதால் மாணவரின் ஆர்வமும் குறைந்தது என்றும், பயனின்றி யார் உழைப்பார் என்றும் பாக் எழுதுகிறார். பள்ளிச் சிறுவர்களை வைத்து வியோலாவையும் செல்லோவையும் நிரப்ப வேண்டியிருந்ததால், அவர்களைப் பாடற்குழுவிலிருந்து எடுக்க நேர்ந்தது. ஓரிடத்தை அடைக்க மற்றோரிடம் திறந்தது.

இவ்விண்ணப்பத்தால் நிலைமை மாறியதாகத் தெரியவில்லை. ஆனால் இதை எழுதியபோது பாக் ஓராண்டுக்கு மேலாக மாணவர் குழுவின் தலைவராக இருந்தார். நகரம் தர மறுத்த நரம்பிசையாளர்கள் அக்குழுவில்தான் இருந்தனர். குழுவை ஏற்றதற்கு ஆலயத்தை விட்டு விலகும் எண்ணமே காரணம் எனக் கொள்வதைவிட, ஆலயத்துக்கும் தேவைப்பட்ட ஆட்களை வாரந்தோறும் தம் கைக்குள் வைத்திருக்கும் வழியாக அதைக் கொள்வதே ஆவணத்தோடு பொருந்துகிறது. குனாவ் எதிர்த்து நின்ற ஆற்றலை அவருக்குப் பின்வந்தவர் தலைமையேற்றுத் தம்வயமாக்கினார்.

வெள்ளிக்கிழமை, எட்டு மணி முதல் பத்து வரை

குழு கூடிய இடம் கத்தரீனா தெருவில் இருந்த கோட்ஃபிரீட் சிம்மர்மனின் காப்பிக்கடை. குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு எட்டு முதல் பத்து வரை அங்கும், கோடையில் புதன்கிழமை மாலை நான்கு முதல் ஆறு வரை நகர வாயிலுக்கு வெளியே அவரது தோட்டத்திலும் இசை நடந்தது. லைப்சிக்கில் ஆண்டுக்கு மூன்று பெருஞ்சந்தைகள் கூடும். அக்காலத்தில் வாரம் இருமுறை. மாணவர் குழுவின் நாட்காட்டியைச் சந்தையின் நாட்காட்டி தீர்மானித்தது என்பது கருதத்தக்கது. வெளியூர் வணிகர் நிறைந்த நாட்களில் காப்பியும் இசையும் ஒன்றையொன்று விற்றன.

1736இல் லோரன்ஸ் மிட்சலர் தம் இசை இதழில் இரு குழுக்களையும் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஒன்று பாக் நடத்துவது, மற்றது கோர்னர் வியாழக்கிழமைகளில் நடத்துவது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் மாணவர். அவர்களிடையே நல்ல கலைஞர்கள் உண்டு. அவர்களுள் சிலர் காலப்போக்கில் புகழ்பெறுவதும் உண்டு. எந்த இசைக்கலைஞரும் அங்கே பொதுவில் வாசிக்கலாம். கேட்போருள் திறனை மதிப்பிட வல்லவர்கள் பெரும்பாலும் இருப்பர் என்பது அவ்வறிவிப்பின் சாரம். அரசவை இசைக்கும் ஆலய இசைக்கும் இல்லாத இரு பண்புகள் இதில் தெரிகின்றன. வாசிக்க வருபவருக்குக் கதவு திறந்திருந்தது. கேட்பவர் வழிபடவோ பணியவோ வராமல், இசையைக் கேட்கவும் மதிப்பிடவும் வந்தார். பிற்காலத்தில் பொது அரங்கிசை என வழங்கப்படுவதன் அடிப்படைகள் இவையே.

அங்கு ஒலித்தவை எவை என்பதற்கு எஞ்சிய சான்று சொற்பம். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு நூறு மணி நேரத்துக்கு மேல். பாக் ஏறத்தாழ 1738இல் தம் கைப்படத் தொகுத்து எழுதிய ஏழு ஹார்ப்சிகார்ட் கான்செர்ட்டோக்களும் (பாக் படைப்பு எண் 1052 முதல் 1058 வரை) சேர்ந்து ஒலிக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அதாவது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. ஆகவே குழுவின் இசைக்களஞ்சியத்தில் பெரும்பகுதி பிறருடையதாகவே இருந்திருக்க வேண்டும். பாக் தம் பயன்பாட்டுக்குப் படியெடுத்த தாள்கள் இதனை உறுதிப்படுத்துகின்றன: உறவினர் யோஹன் பெர்ன்ஹார்ட் பாக்கின் நரம்பிசைத் தொகுதிகள், லொக்கத்தெல்லியின் கான்செர்ட்டோ, ஹாண்டலின் இத்தாலியக் காண்டாட்டா ஒன்று. ‘பாக்கின் குழு’ என்னும் தொடர் இக்களஞ்சியத்தின் அகலத்தை மறைத்துவிடுகிறது.

நரம்பிசைக் குழுவின் அமைப்பை இரு வயலின் கான்செர்ட்டோ (எண் 1043) நன்கு காட்டும். அதன் தனித்தாள்கள், அதாவது ஒவ்வொரு கருவியாளரும் தம்முன் வைத்து வாசிக்கும் தாள்கள், 1730–31ஐ ஒட்டியவை. தனி வயலின் இரண்டு. உடன் இரு வயலின் பகுதிகள், வியோலா, அடிநாதக் கருவிகள். எஞ்சியுள்ள இத்தகைய தாள்களை வைத்து நோக்கினால், பகுதிக்கு ஒருவரோ இருவரோ வாசித்த சிறு குழுவே மனத்தில் எழுகிறது. அறையும் காப்பிக்கடை அறைதான். இப்படைப்பின் நடு இயக்கத்தில் இரு தனி வயலின்களும் மாறி மாறி ஒன்றன் தோளில் ஒன்று சாய்வதுபோல நகர்கின்றன; இருவருள் எவரும் தலைமை அல்லர். தலைவர் ஒருவரைச் சுற்றி அமைந்த அரசவைக் குழுவில் இத்தகைய சமநிலை பிறந்திருக்காது எனச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. எனினும் சமநிலையாளர் கூட்டமொன்றில் இது இயல்பாகப் பொருந்துகிறது.

1733 பெப்ரவரியில் சாக்சனி மன்னர் இறந்ததை ஒட்டிய துக்கக் காலத்தில் இசை நின்றது. ஜூன் 17 அன்று சிம்மர்மனின் தோட்டத்தில் மீண்டும் தொடங்கியபோது, இதுவரை இங்குக் கேட்டிராத புதிய ஹார்ப்சிகார்ட் ஒன்று இடம்பெறும் என்று செய்தித்தாள் அறிவித்தது. அடிநாதத்துக்குத் துணையாக இருந்த அக்கருவி நரம்பிசைக்கு எதிர்நின்று தனிக்கருவியாகப் பேசிய சூழல்களுள் இதுவும் ஒன்று. பாக்கின் ஹார்ப்சிகார்ட் கான்செர்ட்டோக்களில் பெரும்பாலானவை முன்பு வயலின் முதலிய கருவிகளுக்கு எழுதப்பட்டவற்றின் மறுவடிவங்கள். விவால்டி நான்கு வயலின்களுக்கு எழுதியதை அவர் நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு மாற்றினார் (எண் 1065). பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்த அவருடைய மைந்தர்களும் மாணவர்களும் கையருகே இருந்த காலம் அது.

பல்கலைக்கழகத்தின் நிலை

குழு மாணவருடையது, பல்கலைக்கழகத்துடையது அன்று. இவ்வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. பல்கலைக்கழகத்துக்கும் பாக்குக்கும் இருந்த உறவு கசப்பானது. பல்கலைக்கழக ஆலயத்தின் பழைய வழிபாடு, புதிய வழிபாடு ஆகிய இரண்டின் இசைப் பொறுப்பும் ஊதியமும் தமக்குரியவை என அவர் கருதினார். பல்கலைக்கழகமோ புதிய வழிபாட்டைக் கோர்னரிடம் ஒப்படைத்திருந்தது. 1725இல் பாக் மூன்று முறை மன்னருக்கே விண்ணப்பித்தார். பழைய வழிபாடு மட்டும் அவருக்கு உரியது எனத் தீர்ப்பாயிற்று. பின்னாளில் போட்டிக் குழுவை நடத்தியவரும் இதே கோர்னர்தான்.

ஆனால் நிறுவனம் கைவிட்ட இடத்தில் மாணவர்கள் நின்றனர். ஆசிரியரைச் சிறப்பிக்க இரவில் இசை வழங்குவது லைப்சிக் மாணவர் வழக்கம். 1725 ஆகஸ்டில் ஆசிரியர் முல்லருக்காக ஒன்று (எண் 205), 1726 டிசம்பரில் சட்டப் பேராசிரியராகப் பதவியேற்ற கோர்ட்டெவுக்காக ஒன்று (எண் 207) எனப் பாக் இயற்றித் தந்தார். 1734 அக்டோபர் 5 அன்று மன்னர் மூன்றாம் அகஸ்டஸ் நகரில் தங்கியிருந்தபோது, மாணவர்கள் அவர் தங்கிய இல்லத்தின் முன் சந்தை வெளியில் ஒரு காண்டாட்டாவை (எண் 215) வழங்கினர். அறுநூறு மாணவர்கள் தீவட்டி ஏந்தி வந்தனர் என நகர நாட்குறிப்பு பதிவு செய்கிறது. பாக் அதை மூன்று நாட்களில் எழுதியிருந்தார். மறுநாள் நகரின் தலைமை எக்காளக் கலைஞர் கோட்ஃபிரீட் ரைக்கே இறந்தார். முந்திய இரவின் கடும் வாசிப்பும் தீவட்டிப் புகையும் காரணம் என்று அக்குறிப்பு சொல்கிறது. பெயரோடு நினைக்கப்படுபவர் நகர ஊதியம் பெற்ற அக்கலைஞர். அவரருகே வயலின் வாசித்த மாணவர் எவர் பெயரும் அதில் இல்லை.

மாணவருக்கு எழுதிய கடின இசை

1737 மே மாதத்தில் யோஹன் அடோல்ஃப் ஷைபெ தம் இதழில் பாக்கைக் கடிந்து எழுதினார். தம் விரல்களைக் கொண்டே அனைத்தையும் அளப்பதால் அவரது படைப்புகள் வாசிக்க மிகக் கடினமானவை. தாம் விசைப்பலகையில் செய்வதைப் பாடகரும் கருவியாளரும் குரலாலும் கருவியாலும் செய்ய வேண்டும் என எதிர்பார்க்கிறார் என்பது குற்றச்சாட்டு. ஷைபெ லைப்சிக்கில் வளர்ந்து அங்கேயே பயின்றவர். ஆதலின் இக்குறையை வெளியாள் ஒருவரின் கருத்தாகத் தள்ளிவிட முடியாது. ஊதியமற்ற மாணவரின் கைகளில் இத்தகைய இசையைத் தருவது முறையா என்னும் கேள்வி அதனுள் அடங்கியுள்ளது.

மறுமொழி எழுதியவர் ஓர் இசைக்கலைஞர் அல்லர். பல்கலைக்கழகத்தில் அணியியல் கற்பித்த பிர்ன்பாவும் என்பவர். கடினமானது இயலாதது ஆகாது, உழைப்பால் அது கைவரும் என்பது அவர் வாதம். இரு தரப்பும் ஒன்றையொன்று தொடாமல் கடந்து செல்கின்றன. கைவரும் என்பது உண்மையே. அதற்கான நேரம் யாருடையது என்பதை பிர்ன்பாவும் கேட்கவில்லை. அவ்வாண்டே பாக் குழுவின் தலைமையைக் கெர்லாக்கிடம் விட்டு, 1739இல் மீண்டும் ஏற்றார். விமர்சனத்துக்கும் விலகலுக்கும் தொடர்புண்டு எனக் கூறச் சான்று இல்லை.

காப்பிக்கடைக்குப் பின்

சிம்மர்மன் 1741 மே மாதம் இறந்தார். ஓர் உரிமையாளரின் ஆதரவில் நின்ற ஏற்பாட்டின் மென்மை அப்போது வெளிப்பட்டது. பாக்கும் குழுவை விட்டு நீங்கினார். 1743 மார்ச்சு 11 அன்று பதினாறு பேர் கூடி, பதினாறு இசைக்கலைஞரைக் கொண்டு ‘பெரும் இசையரங்கு’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். தொடங்கியவர்கள் வணிகரும் மேட்டுக்குடியினரும். விரைவில் ‘மூன்று அன்னங்கள்’ என்னும் விடுதிக்கு அது இடம்பெயர்ந்தது. 1781இல் துணி வணிகர் மாளிகையாகிய கெவாந்த்ஹவுஸில் நிலைகொண்டது. இன்று உலகறிந்த அவ்விசைக்குழுவின் முன்னோடி அதுவே. மாணவர் குழுக்கள் பழக்கிவைத்த வாராந்திர நிகழ்ச்சியும் மதிப்பிட்டுக் கேட்கும் கூட்டமும் அவ்வமைப்புக்கு ஆயத்தமாகக் கிடைத்தன. செலவை ஏற்கவும் அப்போதுதான் ஆள் கிடைத்தது. ஆனால் ஏற்பவர் கையில் முடிவும் போயிற்று. எந்தக் கலைஞரும் வந்து வாசிக்கலாம் என்ற பழைய நிலை மெல்ல மறைந்தது.

1908இல் ஹூகோ ரீமன் அதே பெயரில் ஒரு குழுவை லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அமைத்தார். இம்முறை அது இசையியல் துறையின் பயிற்சிக் குழு. பழைய இசையை வாசித்துப் பார்த்து ஆராய்வது நோக்கம். பின்னர் ஃபிரைபுர்கில் குர்லிட், 1940களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹிண்டமித் ஆகியோர் நடத்திய குழுக்களும் இப்பெயரையே தாங்கின. நிறுவனத்துக்கு வெளியே பிறந்த பெயர் இருநூறு ஆண்டுகள் கழித்துப் பாடத்திட்டத்தினுள் நுழைந்தது. கத்தரீனா தெருவின் காப்பிக்கடைக் கட்டடம் 1943 டிசம்பர் குண்டுவீச்சில் அழிந்தது.

பாக்கின் தனித்தாள்களைப் படியெடுத்த கைகளை ஆய்வாளர்கள் எழுத்தமைதி கொண்டு பிரித்தறிந்துள்ளனர். கார்ல் ஃபிலிப் இம்மானுவேல் பாக், கிரெப்ஸ் போன்ற சிலரது கைகள் பெயரோடு அடையாளம் காணப்பட்டன. எஞ்சியவர்கள் ‘பெயர் தெரியாதவர்’ என்னும் சொல்லின் பின் ஓர் எண்ணோடு ஆய்வுப் பட்டியல்களில் நிற்கின்றனர்.